மாற்றிய முட்டி மறுபடியும் வலிக்கிறதா? செயற்கை மூட்டு ஏன் தளர்கிறது, எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

உங்கள் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ முட்டி மாற்று ஆப்பரேஷன் நடந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு நன்றாகத்தான் நடந்தார்கள். பாசாருக்குப் போனார்கள், தைப்பூசத்துக்குப் போனார்கள். இப்போது கொஞ்ச நாளாக நாற்காலியை விட்டு எழுந்ததும் முதல் நாலு அடியைத் தயங்கித் தயங்கி வைக்கிறார்கள். கேட்டால், "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் வருகிறது.

அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள். பழைய முட்டி வயதானால் வலிக்கும், சரி. ஆனால் அதைத்தான் எடுத்தாயிற்றே! இப்போது உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். ஆப்பரேஷனுக்குப் பிறகு வலி நின்று, வருஷக்கணக்கில் நிம்மதியாக இருந்து, பிறகு புதிதாக வலி தொடங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அப்படிப்பட்ட காரணங்களில் முக்கியமானது, பொருத்திய மூட்டு எலும்பின் பிடியிலிருந்து தளர்வது.

எல்லா வலியும் தளர்வு ஆகிவிடாது. ஆனால் தளர்வாக இருந்தால் காத்திருப்பது நல்லதல்ல. வலி கூடும் என்பதால் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. காத்திருக்கும் காலத்தில் முட்டியைச் சுற்றியுள்ள எலும்பு சத்தமில்லாமல் கரைந்துகொண்டே போகலாம்.

உள்ளே இருப்பது என்ன?

'முட்டியை மாத்திட்டாங்க' என்று சொல்கிறோம். உண்மையில் முழு முட்டியையும் கழற்றி எடுப்பதில்லை. தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் மெல்லியதாகச் சீவி, அவற்றின் மேல் உறை போலப் புதிய பாகங்களைப் பொருத்துகிறார்கள். மேலே பொருத்துவது பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் உலோகம். கீழே ஓர் உலோகத் தட்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் தகடு. சிலருக்கு முட்டிச் சில்லின் பின்பக்கமும் ஒரு பிளாஸ்டிக் வில்லை வைப்பார்கள்.

உலோகத்தை எலும்போடு பிடித்து வைப்பது பெரும்பாலும் எலும்பு சிமெண்ட். பெயரில் சிமெண்ட் இருந்தாலும் அது அக்ரிலிக் வகையைச் சேர்ந்த பொருள். ஆப்பரேஷன் அறையிலேயே குழைப்பார்கள், சில நிமிடங்களில் இறுகிவிடும். பசை மாதிரி அது ஒட்டுவதில்லை. எலும்பில் உள்ள நுண்ணிய துளைகளுக்குள் புகுந்து இறுகி, அப்படியே பிடித்துக்கொள்கிறது.

வீட்டுத் தரையில் பதித்த டைல்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் உடையாமல் பளபளவென்றுதான் இருக்கும். அடியில் பிடி விட்டுப் போயிருந்தால் தட்டும்போது 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும், மிதித்தால் லேசாக ஆடும். தளர்ந்த செயற்கை மூட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். பாகம் முழுசாக இருக்கும், அடியில் பிடி போயிருக்கும். பெரும்பாலும் முதலில் தளர்வது கீழ்க்கால் எலும்பின் மேல் உள்ள தட்டு.

அந்தத் தட்டு தாங்கும் பாரமும் கொஞ்சநஞ்சமல்ல. ஜெர்மனியின் பெர்லின் நகர ஆய்வாளர்கள் செயற்கை முட்டிக்குள்ளேயே அளவுக் கருவியைப் பொருத்தி அளந்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல சுமார் 2.6 மடங்கு. படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் படி இறங்கும் ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய 240 கிலோ. நாள் முழுக்க எத்தனை அடி வைக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எலும்பைக் கரைப்பது நம் உடம்பேதான்

இது முதலில் புரிந்தது முட்டியில் அல்ல, இடுப்பு மூட்டில். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1950-களின் கடைசியில் செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணங்களை டெஃப்லானில் செய்து பொருத்தினார். ஆமாம், ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான். வழுவழுப்பாக இருப்பதால் நன்றாக உழைக்கும் என்று நினைத்தார். சில வருஷங்களிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த தூளைச் சுற்றி வீக்கம் கட்டியது, பக்கத்து எலும்பு அரித்துப் போனது. நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு மறுபடியும் ஆப்பரேஷன் தேவைப்பட்டது.

பிறகு சார்ன்லி ஒரு காரியம் செய்தார். டெஃப்லானையும், அதற்கு மாற்றாக யோசித்த பாலிஎத்திலீனையும் தன் தொடைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். டெஃப்லான் இருந்த இடம் வீங்கியது, மற்றது சும்மா இருந்தது. 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைய செயற்கை முட்டிகளிலும் நடுவில் இருப்பது அந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்தான்.

பாலிஎத்திலீன் டெஃப்லானைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதுவும் தேயும். கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய துகள்கள் உதிர்கின்றன. கிருமி என்று நினைத்து நம் எதிர்ப்புச் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. விழுங்கினாலும் பிளாஸ்டிக்கைச் செரிக்க முடியாது. அதனால் அந்தச் செல்கள் அழற்சி சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சமிக்ஞை, எலும்பைக் கரைக்கும் வேலையைச் செய்யும் இன்னொரு வகைச் செல்களைத் தூண்டிவிடுகிறது. கடைசியில் கரைவது மூட்டைத் தாங்கிப் பிடித்திருக்கும் எலும்பு. பிடி போன மூட்டு ஆடும், ஆட ஆட இன்னும் துகள் உதிரும்.

இது மெதுவாக, பல வருஷங்களில் நடப்பது. 1990-களின் கடைசியிலிருந்து தேய்மானம் குறைந்த, மேம்படுத்திய பாலிஎத்திலீன் வந்ததால் இந்தப் பிரச்சினை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

முதல் ஓரிரு வருஷத்திலேயே தளர்ந்தால் பெரும்பாலும் கதை வேறு. சிமெண்ட் சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். மூட்டு சற்றுக் கோணலாக அமைந்து ஒரு பக்கத்தில் மட்டும் பாரம் விழலாம். அல்லது உள்ளே கிருமி புகுந்திருக்கலாம்.

கிருமித் தொற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், குறிப்பாக நமக்கு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. மற்ற இனத்தவரைவிட அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றால் செயற்கை மூட்டில் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆப்பரேஷன் முடிந்து பல வருஷம் ஆன பிறகும், காலில் ஆறாத புண்ணிலிருந்தோ வேறு தொற்றிலிருந்தோ கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போய்ச் சேரலாம். "முட்டியத்தான் மாத்தியாச்சே, சர்க்கரைக்கும் அதுக்கும் என்ன?" என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செய்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மறுபடியும் ஆப்பரேஷன் தேவைப்பட்ட செயற்கை முட்டிகளில் சுமார் 40 விழுக்காட்டுக்குக் கிருமி இல்லாத தளர்வும், 27 விழுக்காட்டுக்குத் தொற்றும் காரணமாக இருந்தன.

பயப்படும் அளவுக்கு இது சாதாரணமா?

இல்லை. 'தி லான்செட்' மருத்துவ இதழில் 2019-இல் வந்த ஆய்வின்படி, முழு முட்டி மாற்று சிகிச்சைகளில் 15 வருஷம் கழித்தும் சுமார் 93 விழுக்காடு நல்லபடியாக இருந்தன. 25 வருஷம் கழித்து சுமார் 82 விழுக்காடு. மருத்துவத்தில் இது பெரிய வெற்றி. இந்தியாவின் முன்னாள் பிரதமர் வாஜ்பாய்க்கு 2000-இல் ஒரு முட்டியும் 2001-இல் இன்னொரு முட்டியும் மாற்றப்பட்டன. அவற்றைச் செய்த சித்தரஞ்சன் ரணாவத், 1970-களில் நியூயார்க்கில் இன்றைய செயற்கை முட்டியின் அடிப்படை வடிவத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர்.

ஆனால் வயதைப் பொறுத்துக் கணக்கு மாறும். அதே இதழில் 2017-இல் வந்த பிரிட்டன் ஆய்வு, 70 வயதுக்கு மேல் முட்டி மாற்றிக்கொண்டவர்களுக்கு வாழ்நாளில் மறு ஆப்பரேஷன் தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு என்றது. 50-களின் தொடக்கத்திலேயே மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது 35 விழுக்காடு வரை போனது. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. இளமையில் மாற்றினால் அதிக வருஷம் உழைக்க வேண்டும், அதிகம் நடப்பார்கள், ஓடியாடுவார்கள். 50 வயதில் வலி தாங்காமல் ஆப்பரேஷனுக்குத் தயாராகும் அப்பாவிடம் மருத்துவர் "இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமே" என்று சொன்னால், பெரும்பாலும் இந்தக் கணக்குதான் அவர் மனதில் இருக்கும்.

சப்பணம் போடலாமா, குந்தலாமா?

மேற்கத்திய மருத்துவப் புத்தகங்களில் இந்தக் கேள்வி அதிகம் வருவதில்லை. நம் வீடுகளில் முதல் கேள்வியே இதுதான். கோயிலில் தரையில் உட்கார வேண்டும். வாழையிலைச் சாப்பாடு, சாமி அறை, கோலம் எல்லாம் தரையில்தான். ஜொகூரின் பழைய தோட்டப்புற வீடுகளிலும் எத்தனையோ பொதுக் கழிப்பறைகளிலும் இன்னும் குந்தி உட்காரும் வகைதான் இருக்கிறது.

நம்மைப் போலவே தரையில் உட்காரும் பழக்கம் உள்ள தென் கொரியாவிலிருந்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. அதிகமாக மடக்க வசதியாக வடிவமைத்த ஒரு வகைச் செயற்கை முட்டியை 47 பேருக்கு, மொத்தம் 72 முட்டிகளில், சோல் மருத்துவர்கள் பொருத்தியிருந்தார்கள். மூன்று வருஷம்கூட ஆகாத நிலையில் 27 முட்டிகளில், அதாவது 38 விழுக்காட்டில், தொடை எலும்புப் பக்கத்துப் பாகம் தளர்ந்திருந்தது. தளர்ந்தவர்களில் 85 விழுக்காட்டினர் குந்துவது, மண்டியிடுவது, சப்பணம் போடுவது போன்றவற்றைச் செய்ய முடிந்தவர்கள். தளராதவர்களில் அப்படிச் செய்ய முடிந்தவர்கள் பாதிப் பேர்தான். நன்றாக மடங்கிய முட்டிகளே அதிகம் தளர்ந்தன என்பது அந்த மருத்துவர்களுக்கே அதிர்ச்சி.

இந்த ஒரு ஆய்வை வைத்து 'சப்பணம் போட்டால் முட்டி கழன்றுவிடும்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அது சிறிய ஆய்வு. பிறகு கொரியாவிலேயே மற்ற மருத்துவர்கள் செய்த ஆய்வுகளில் இவ்வளவு தளர்வு தென்படவில்லை. ஆனாலும் முழுதாக மடக்கிய நிலையில் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்வதுதான் மருத்துவர்களிடையே பொதுவான வழக்கம். என் கருத்தில், வீட்டில் ஒரு நாற்காலிக் கழிப்பறை வைப்பதும், கோயிலுக்கு ஒரு முக்காலி எடுத்துப் போவதும் பெரிய தியாகம் ஒன்றுமில்லை. பெரியவர்களுக்குத்தான் கூச்சம். பிள்ளைகளே முந்திக்கொண்டு நாற்காலி போட்டுவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும்.

நடப்பது, சைக்கிள், நீச்சல் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். சும்மா உட்கார்ந்து எடை கூடினால்தான் ஆபத்து.

என்ன அறிகுறி? என்ன பரிசோதனை?

தளர்வின் வலிக்கு ஒரு தனிச் சுபாவம் உண்டு. உட்கார்ந்திருந்து எழுந்ததும் முதல் சில அடிகளில் சுருக்கென்று வலிக்கும், நடக்க நடக்கக் கொஞ்சம் குறையும். பாரம் வைத்தால் வலிக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும். சிலருக்கு முட்டி நம்மைக் கைவிடுவது போல மடிந்துவிடும். நேராக இருந்த கால் மெல்ல வளைவதும் ஓர் அடையாளம். வீட்டில் தினமும் பார்ப்பவர்களுக்கு அந்த வளைவு தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி போட்டோவையும் இந்த வருஷத்துப் போட்டோவையும் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

ஓய்வெடுக்கும்போதும் இரவிலும் வலி, முட்டி சூடாகவும் சிவந்தும் வீங்குவது, காய்ச்சல், பழைய தழும்பிலிருந்து நீர் வடிவது, இவை தொற்றைச் சுட்டும். இதற்குக் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. முட்டி வீங்கினால் பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. செயற்கை மூட்டு உள்ளவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. உள்ளே எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க, மருத்துவர் ஊசி மூலம் மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பார். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால், கிருமி இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே நீரை எடுப்பது முதலில், மருந்து அதற்குப் பிறகு. நோயாளி மிகவும் மோசமான நிலையில் இருந்தால் மட்டும் இந்த வரிசையை மருத்துவர் மாற்றுவார்.

தைலம் தேய்த்து உருவி விடுவதால் தளர்ந்த மூட்டு இறுகாது. மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் வலி மறையும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மருத்துவமனையில் முதலில் நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு மெல்லிய கோடு தெரிகிறதா, மூட்டு சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மெல்லிய கோடு இருந்தாலே தளர்வு என்று அர்த்தமில்லை. போன வருஷத்தைவிட அது அகலமாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால்தான் பழைய எக்ஸ்ரே முக்கியம். தொற்று இருக்கிறதா என்று ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். இடுப்பிலோ முதுகுத்தண்டிலோ உள்ள கோளாறும் முட்டியில் வலியாகத் தெரியலாம் என்பதால் அவற்றையும் சோதிப்பார்கள்.

வலியே இல்லாமலும் எலும்பு கரையலாம். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு அப்பாய்ன்ட்மென்ட்?" என்று பின்தொடர் பரிசோதனையை விட்டுவிடுவதில் உள்ள சிக்கல் அதுதான்.

ஜொகூரில் இருப்பவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியது

ஆப்பரேஷன் நடந்த மருத்துவமனையின் எலும்பியல் கிளினிக்குக்கே முதலில் போவது நல்லது. அங்கேதான் பழைய பதிவு இருக்கும். அது முடியாவிட்டால், பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானில் ரெஃபரல் லெட்டர் வாங்கிக்கொண்டு, ஜொகூர் பாரு சுல்தானா அமினா போன்ற நிபுணர்கள் உள்ள அரசாங்க மருத்துவமனைக்குப் போகலாம்.

நம் மாநிலத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மகன் சிங்கப்பூரில் வேலை செய்வதால் அம்மாவுக்கு ஆப்பரேஷன் அங்கே நடந்திருக்கும், வீடு கூலாயிலோ குளுவாங்கிலோ இருக்கும். அல்லது ஆப்பரேஷன் தனியார் மருத்துவமனையில் நடந்திருக்கும், இப்போது அரசாங்க மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பதிவுகள் இந்தப் பக்கத்துக் கணினியில் தானாக வந்து நிற்காது. எக்ஸ்ரே சி.டி.யையும், ஆப்பரேஷன் குறிப்பின் நகலையும், எந்த நிறுவனத்தின் எந்த மாடல், எந்த லாட் எண் என்ற விவரத்தையும் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வந்த பெட்டியின் ஸ்டிக்கரை ஆப்பரேஷன் குறிப்பில் ஒட்டியிருப்பார்கள்.

லாட் எண் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவின் எக்ஸாக்டெக் நிறுவனம் 2021-22-இல் தன் செயற்கை மூட்டுகளின் பிளாஸ்டிக் தகடுகளைத் திரும்பப் பெற்றது. மூட்டின் வடிவத்தில் குறை இல்லை, அதை அடைத்து வைத்த உறையில்தான் குறை. ஆக்சிஜனைத் தடுக்கும் ஓர் அடுக்கு அதில் விடுபட்டிருந்தது. காற்றுப் பட்ட பிளாஸ்டிக் சீக்கிரம் தேய்ந்து, எலும்பு கரைந்து, மூட்டு தளரும் ஆபத்து இருந்தது. 2004 முதல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1 லட்சத்து 47 ஆயிரம் முட்டி, கணுக்கால் தகடுகள் அந்த உறைகளில் வந்தவை. அப்படி ஓர் அறிவிப்பு வரும்போது, "எங்க அம்மாவுக்குப் போட்டது எது?" என்ற கேள்விக்குப் பதில் அந்த ஸ்டிக்கரில் இருக்கும். மலேசியாவில் இத்தகைய கருவிகள் 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின் கீழ், சுகாதார அமைச்சைச் சேர்ந்த மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும்.

மறுபடியும் ஆப்பரேஷன் என்றால்?

தளர்ந்துவிட்டது என்று உறுதியானால் பெரும்பாலும் அதுதான் வழி. முதல் ஆப்பரேஷனைவிட இது கடினம், நேரம் கூடுதல், தொற்று அபாயமும் கூடுதல். பழைய பாகத்தையும் சிமெண்டையும் எலும்பு உடையாமல் எடுக்க வேண்டும். எலும்பு கரைந்த பள்ளங்களை உலோகத் துண்டு வைத்தோ எலும்பு ஒட்டு வைத்தோ நிரப்புவார்கள். புதிய மூட்டுக்கு, எலும்பின் உள்குழிக்குள் நீண்டு இறங்கும் தண்டு தேவைப்படும். எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு எளிது. சீக்கிரம் போகச் சொல்வது இதனால்தான்.

காரணம் தொற்று என்றால் பல சமயம் இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் பழையதை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டில் செய்த தற்காலிக மூட்டை வைப்பார்கள். பல வாரங்கள் மருந்து கொடுத்து, கிருமி போனது தெரிந்த பிறகே புதியது. அந்த இடைவெளியில் நோயாளிக்கு வீட்டில் ஒருவர் துணை கட்டாயம் வேண்டும். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் விடுப்பை இதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

செலவு? அரசாங்க மருத்துவமனையில் ஆப்பரேஷன் கட்டணம் குறைவாக இருந்தாலும், மூட்டுக் கருவிக்கான பணத்தை நோயாளியே கட்ட வேண்டி வரலாம். மறு ஆப்பரேஷனுக்கான கருவி விலையும் அதிகம். இந்தியா 2017-இல் விலை உச்சவரம்பு வைத்தபோது சாதாரண கோபால்ட் குரோமியம் முட்டிக்கு 54,720 ரூபாய், மறு ஆப்பரேஷன் முட்டிக்கு 1,13,950 ரூபாய் என்று நிர்ணயித்தது. இரண்டு மடங்குக்கும் மேல். கட்ட முடியாத குடும்பங்கள், தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவைப் பார்க்க வேண்டும். மலாயில் 'கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்று பலகை இருக்கும். பெகா பி40, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி போன்றவற்றுக்குத் தகுதி இருக்கிறதா என்பதை அங்கே கேட்கலாம். வருமானச் சான்றையும் அடையாள அட்டை நகலையும் முதல் முறையே எடுத்துப் போனால் ஒரு நடை மிச்சம்.